மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு: அன்றாடச் சுதந்திரங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறுவது எப்படி?

எலும்பு மஜ்ஜை மாற்று முடிந்து வார்டை விட்டு வெளியே வரும்போது கையில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். பச்சையாக எதுவும் சாப்பிடக் கூடாது, கூட்டத்துக்குப் போகக் கூடாது, பூ கூடாது, மண் கூடாது, வெயில் கூடாது. அந்தத் தாள் அவசியமானது. ஆனால் ஒவ்வொரு 'கூடாது'வும் எப்போது முடியும் என்று அதில் பெரும்பாலும் இருக்காது. அதனால் வீடுகளில் இரண்டு விபரீதங்கள் நடக்கின்றன. சிலர் மூன்று மாதம் ஆனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று கல்யாண வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வேறு சிலரை, மருந்தெல்லாம் நின்று ஒரு வருடம் ஆன பிறகும், குடும்பம் அறையை விட்டு வெளியே விடுவதில்லை. இரண்டும் கெடுதல்தான்.

எனக்கு ரத்தப் புற்றுநோய்க்காக மஜ்ஜை மாற்று நடந்தது. கொடையாளர் என் தங்கை. அதன் பிறகு புதிதாக மாற்று செய்துகொண்ட பல குடும்பங்களோடு பேசிவருகிறேன். எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பதை வரிசைப்படுத்தி இதை எழுதுகிறேன். இந்தியாவில் முதல் மஜ்ஜை மாற்று 1983இல் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் நடந்தது. வேலூர் சிஎம்சியில் 1986 முதல் நடக்கிறது. இந்தப் பாதையில் உங்களுக்கு முன்னால் நிறையப் பேர் நடந்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் மருத்துவர் சொல்வதும் இங்கே இருப்பதும் வேறுபட்டால் மருத்துவர் சொல்வதையே கேளுங்கள். அவர் கையில் உங்கள் ரத்த அறிக்கை இருக்கிறது.

முதலில்: உங்களுடையது எந்த வகை மாற்று?

பக்கத்துப் படுக்கைக்காரர் மூன்றாவது மாதம் வேலைக்குப் போனார், நான் ஏன் போகக் கூடாது என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். அவருக்கு நடந்தது அவருடைய சொந்த ரத்த மூல அணுக்களையே எடுத்துச் சேமித்துத் திருப்பிக் கொடுத்த 'ஆட்டோலோகஸ்' மாற்றாக இருக்கலாம். மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் அதுதான். அதில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தேவைப்படாது. சில மாதங்களிலேயே ஓரளவு பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிடலாம்.

அண்ணன், தங்கை, அப்பா, அம்மா அல்லது முகம் தெரியாத ஒருவரின் அணுக்கள் ஏற்றப்பட்டிருந்தால் அது 'அல்லோஜெனிக்'. புதிய அணுக்கள் உங்கள் உடம்பை அந்நியமாக நினைத்துத் தாக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின் போன்ற மருந்தைப் பல மாதங்கள் சாப்பிட வேண்டியிருக்கும். அந்தத் தாக்குதலுக்குப் பெயர்தான் ஜிவிஹெச்டி. இந்த வகையில் பழைய நிலைக்கு வர ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். கீழே நான் சொல்வது பெரும்பாலும் இவர்களுக்கு. சொந்த அணு மாற்றுக்காரர்கள் அதே வரிசையில், சற்று வேகமாகப் போகலாம்.

கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

ஓபியில் "டாக்டர், நான் எப்போ வெளியே போகலாம்?" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். அவரும் என்ன செய்வார்? "என்னென்ன சரியானால் நான் பஸ்ஸில் போகலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். நியூட்ரோஃபில் (கிருமிகளோடு போராடும் வெள்ளை அணு) எவ்வளவு இருக்க வேண்டும், பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவுவது) எவ்வளவு, எந்த மருந்து நிற்க வேண்டும் என்று பதில் தெளிவாக வரும். ஒரு நோட்டு வாங்கி இடப்பக்கம் நீங்கள் இழந்திருக்கும் சுதந்திரத்தையும் வலப்பக்கம் அதற்கான நிபந்தனையையும் எழுதுங்கள். சின்னச் சின்ன விஷயமாக எழுதுங்கள்: தலைக்குக் குளிப்பது, மொட்டை மாடி, பேரனைத் தூக்குவது, ஹோட்டல் இட்லி, ஸ்கூட்டர். ஒவ்வொரு ஓபியிலும் இரண்டு மூன்றைக் கேளுங்கள்.

நூறாவது நாள் என்று எல்லோரும் பேசுவார்கள். அது ஒரு முக்கியமான பரிசோதனைக் கட்டம், அவ்வளவே. நியூட்ரோஃபில் தொடர்ந்து மூன்று நாள் 500க்கு மேல் இருந்தால் புதிய மஜ்ஜை பிடித்துவிட்டது என்பார்கள். அதைக் கேட்டு வீட்டில் இனிப்பு வழங்குவார்கள், வழங்கட்டும். ஆனால் எண்ணிக்கை வந்தாலும் அந்த அணுக்கள் இன்னும் அனுபவம் இல்லாதவை. பழைய தடுப்பூசிகளின் நினைவெல்லாம் பெரும்பாலும் போயிருக்கும். கவுன்ட் நன்றாக இருக்கும்போதே கட்டுப்பாடு ஏன் தொடர்கிறது என்று வீட்டாருக்கு விளக்க வேண்டி வந்தால் இதைச் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனை நாளில் ஒன்றைக் கவனியுங்கள். டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையை விழுங்காமல் கையோடு எடுத்துப் போய், ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிட வேண்டும். முன்பே சாப்பிட்டால் அளவு தப்பாகக் காட்டும், அதை நம்பி மருந்தின் அளவும் தப்பாக மாறும்.

எந்தச் சுதந்திரத்துக்கும் முன்னால் ஒரு விதி

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அப்போதே மருத்துவமனையைக் கூப்பிட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பாரசிட்டமால் போட்டுப் பார்க்கலாம் என்றும் நினைக்கக் கூடாது. மாத்திரை சூட்டைத்தான் குறைக்கும், உள்ளே தொற்று பரவிக்கொண்டிருக்கும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குக் காய்ச்சலே தெரியாமல் போகலாம். நடுக்கம், திடீர்ச் சோர்வு, மூச்சுத் திணறல் வந்தால் சூடு இல்லாவிட்டாலும் கூப்பிடுங்கள்.

உள்ளங்கை, உள்ளங்காலில் சிவப்புத் தடிப்பு, நிற்காத வயிற்றுப்போக்கு, கண் மஞ்சளாவது ஆகியவை ஜிவிஹெச்டியாக இருக்கலாம். இவற்றுக்கும் அடுத்த ஓபி வரை காத்திருக்க வேண்டாம்.

மாற்று மையத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேரும் தூரத்தில் முதல் மாதங்களில் தங்கச் சொல்வது இதற்காகத்தான். வேலூர் போன்ற ஊர்களில் சமையல் வசதியோடு வாடகை அறை எடுத்துச் சிலர் தங்குவது இந்தக் காரணத்துக்காகத்தான். ராத்திரியில் வரக்கூடிய ஆட்டோக்காரர் ஒருவரின் எண்ணைக் கதவில் ஒட்டி வையுங்கள். மருந்துச் சீட்டும் கடைசி ரத்த அறிக்கையும் ஒரு பையில் தயாராக இருக்கட்டும். இந்த ஏற்பாடு உறுதியாக இருந்தால்தான் மற்ற விஷயங்களில் துணிந்து தளர்த்த முடியும்.

குளியல்

முதலில் கிடைக்கக்கூடிய சுதந்திரம் இது. நெஞ்சிலோ கையிலோ லைன் (மருந்தும் ரத்தமும் ஏற்றப் போட்ட குழாய்) இருக்கும் வரை அந்த இடம் நனையக் கூடாது. மேலே பிளாஸ்டிக் உறை கட்டி, உட்கார்ந்து, இடுப்புக்குக் கீழே தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். லைனை எடுத்துக் காயம் ஆறியதும் தலையோடு ஊற்றிக் குளிக்கலாம். குளம், ஆறு, கடல் எல்லாம் வெகுகாலத்துக்குப் பிறகு. பிளேட்லெட் குறைவாக இருக்கும் வரை மென்மையான பிரஷ், சவரத்துக்கு டிரிம்மர். சலூன் கத்தி வேண்டாம்.

சாப்பாடு

வீட்டில் அதிகச் சண்டை வருவது இதில்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். பச்சைக் காய், பழங்களை முழுக்கத் தடை செய்தால் தொற்று குறையும் என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால் பல மையங்கள் பழைய கடுமையைக் குறைத்திருக்கின்றன. இப்போது கையின் சுத்தம், நன்றாக வேகவைப்பது, சூடு ஆறுவதற்குள் சாப்பிடுவது ஆகிய மூன்றைத்தான் அழுத்திச் சொல்கிறார்கள். நம் சமையல் இதற்குத் தோதானது. இட்லி, இடியாப்பம், குக்கர் சாதம், கொதிக்கும் சாம்பார் எல்லாம் நன்றாக வெந்தவை.

பிரச்சினை வருவது ஓரங்களில். இட்லி பாதுகாப்பானது, பக்கத்தில் இருக்கும் தேங்காய்ச் சட்னி வேகாதது. மேலே தாளித்துக் கொட்டுவதால் அது வெந்துவிடாது, வெளியே இருந்தால் சீக்கிரம் கெடும். முதல் மாதங்களில் தக்காளி, வெங்காயத்தை நன்றாக வதக்கிச் செய்த சட்னி போதும். ரசத்தை இறக்கியபின் தூவும் கொத்தமல்லியைக் கொதி வருவதற்கு முன்பே போடுங்கள். பொங்கலில் மிளகை மேலே தூவாமல் நெய்யில் பொரித்துச் சேருங்கள். ஹாஃப் பாயில் வேண்டாம், முட்டை முழுக்க வேக வேண்டும். வெளியே வைத்த பழைய சாதத்தைச் சூடுபடுத்தினாலும் பயனில்லை. அதில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு சூட்டில் அழியாது. நீராகாரத்தையும் பழையதையும் வெகுகாலம் தள்ளி வையுங்கள். தயிரைப் பற்றி மையத்துக்கு மையம் கருத்து வேறுபடுகிறது. கேட்காமல் தொடங்க வேண்டாம்.

பழத்தில் வாழைப்பழம், ஆரஞ்சு போல் தடித்த தோல் உள்ளவை முதலில். தோலோடு கழுவித் துடைத்து, பிறகு உரியுங்கள். அடுத்து மாம்பழம், மாதுளை. திராட்சை கடைசியில். பப்ளிமாஸை மட்டும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இருக்கும் வரை தொடவே கூடாது. கிரேப்ஃப்ரூட்டும் அப்படித்தான். மருந்து உடம்பில் சிதையும் வேகத்தை அவை குறைப்பதால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும்.

கேன் தண்ணீரையும் ஆர்ஓ தண்ணீரையும்கூடக் கொதிக்க வைத்து ஆறவைத்தே குடியுங்கள்.

உறவினர்கள் அன்போடு கொண்டுவரும் கஷாயம், லேகியம், சீந்தில் பொடி ஆகியவற்றைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். எதிர்ப்புச் சக்தியை அடக்குவதற்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டே எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடியையும் சாப்பிடுவது ஆபத்து. சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கொண்டுவந்தவரிடம் "டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் சாப்பிடுவேன்" என்று சொல்லிவிடுங்கள். அவர் மனமும் நோகாது.

ஹோட்டலுக்கு அனுமதி கிடைத்ததும் கூட்டம் இல்லாத நேரத்தில் போய், ஆவி பறக்கும் இட்லியோ கல்லிலிருந்து நேராக வரும் தோசையோ சாம்பாரோடு சாப்பிடுங்கள். பஃபே, வெட்டி வைத்த பழம், கரும்புச் சாறு, ஐஸ், பானி பூரி எல்லாம் பட்டியலின் கடைசியில். நாக்கில் உலோகச் சுவை, சோற்று வாசமே பிடிக்காதது எல்லாம் பலருக்கு மாதக் கணக்கில் இருக்கும். அது மெல்லத் திரும்பும். அதுவரை பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடுங்கள்.

வாசலைத் தாண்டுவது

வீட்டுக்குள்ளேயே நடக்கத் தொடங்கி வாசல், தெருமுனை, பிறகு கடை என்று தூரத்தைக் கூட்டுங்கள். ஸ்டீராய்டு தொடைத் தசையைக் கரைக்கும். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது, இந்தியன் கழிப்பறை பெரும் போராட்டமாகும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியை முடிந்த அளவு தினமும் செய்யுங்கள். பந்தியில் தரையில் அமர்ந்து இலையில் சாப்பிட வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதற்கான பயிற்சி இதுதான்.

வெயில் ஜிவிஹெச்டியைத் தூண்டும். வோரிகோனசோல் என்ற பூஞ்சைத் தொற்று மருந்தைச் சாப்பிடுகிறவர்களுக்குத் தோல் இன்னும் சீக்கிரம் கருகும். காலை எட்டுக்கு முன், மாலை ஐந்துக்குப் பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை, குடை, சன்ஸ்கிரீன். ஆண்களும் குடை பிடிக்கலாம்.

கூட்டத்தைவிடத் தூசிக்கு நான் அதிகம் பயப்படுவேன். இடிக்கும் கட்டடம், ஈரம் பிடித்த சுவர், வைக்கோல், எரு, மக்கிய இலை ஆகியவற்றில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை இருக்கும். அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. போகிக்கு முன் ஒட்டடை அடித்து வெள்ளையடிக்கும் வாரத்தில் வேறு வீட்டில் தங்கிவிடுங்கள். போகிப் புகை அடங்கியபின் வாருங்கள். தோட்டவேலை, தொட்டி மண் கிளறுவது, மாட்டுக் கொட்டகை, புறா எச்சம் உள்ள மொட்டை மாடி எல்லாம் மருந்து நின்ற பிறகே. நாய் இருக்கலாம், அதைக் குளிப்பாட்டுவதும் அதன் கழிவைச் சுத்தம் செய்வதும் வேறு ஒருவர் வேலை.

சாயங்காலம் கொசுவுக்கு எதிராக முழு ஏற்பாடு வேண்டும். பிளேட்லெட் ஏற்கெனவே தள்ளாடும்போது டெங்குவும் சேர்ந்தால் தாங்காது. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.

மனிதர்கள்

தனிமையும் உடம்பைத் தளர்த்தும். முதல் மாதத்திலிருந்தே ஒருவர் இருவர் வந்து போகட்டும். சளி, இருமல், அம்மை, வயிற்றுப்போக்கு இல்லாதவர்கள், கை கழுவி, முகக்கவசத்தோடு. திறந்த திண்ணையோ வராந்தாவோ அறையைவிட நல்லது. வீட்டில் இருக்கும் அனைவரும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நோயாளியால் போட்டுக்கொள்ள முடியாத காலத்தில் அவரைச் சுற்றி உள்ளவர்கள் போட்டுக்கொள்வதுதான் காப்பு.

வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் போலியோ சொட்டு மருந்து முகாமுக்கு முன்பே உங்கள் மையத்தில் கேளுங்கள். சொட்டு மருந்தில் உயிருள்ள, வலுக்குறைந்த கிருமி இருக்கிறது. அது சில வாரங்கள் குழந்தையின் மலத்தில் வெளியேறும். ஊசி வழி போலியோ மருந்தில் அந்தச் சிக்கல் இல்லை. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்துக்கும் இதே எச்சரிக்கை. குழந்தையின் தடுப்பூசியை நிறுத்திவிடக் கூடாது. எதை, எப்போது கொடுப்பது, அதுவரை குழந்தைக்குக் கழுவிவிடுவது யார் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கல்யாணமும் சாவும் நம் ஊரில் தவிர்க்க முடியாதவை. போகாவிட்டால் மனக்கசப்பாகும். வீட்டில் மூத்தவர் ஒருவர் முன்கூட்டியே உறவினர்களிடம் சொல்லிவிட வேண்டும்: "இந்த வருஷம் எதுக்கும் வர மாட்டாங்க, அடுத்த வருஷம் வந்து பார்ப்பாங்க." அனுமதி கிடைத்த பிறகும் முகூர்த்த நேரத்து மண்டபம் வேண்டாம். முதல் நாள் அல்லது மறுநாள் வீட்டுக்குப் போய் மணமக்களைப் பார்த்துவிட்டு வரலாம்.

கோயிலுக்குக் காலையில் நடை திறந்ததும், வெள்ளிக்கிழமையும் பிரதோஷமும் அல்லாத நாளில். தீர்த்தத்தை வாங்கித் தலையில் தெளித்துக்கொள்ளலாம், குடிக்க வேண்டாம். பஞ்சாமிர்தமும் துளசியும் வேண்டாம். ஈரப் பிரகாரத்தில் வெறுங்காலில் நடப்பதற்குப் பதில் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். தேவாலயம், பள்ளிவாசல் என்றால் கூட்டம் குறைந்த வழிபாட்டு நேரம், கடைசி வரிசை, கதவுப் பக்கம்.

வேலை, பள்ளி, வண்டி

கொடையாளர் மாற்று என்றால் வேலைக்குத் திரும்ப ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் என்று திட்டமிடுங்கள். முதலில் அரை நாள் அல்லது வீட்டிலிருந்து. விவசாயம், கட்டட வேலை, துப்புரவு, மருத்துவமனை வேலை, சிறு குழந்தைகளுக்குக் கற்பிப்பது ஆகியவற்றுக்கு இன்னும் தாமதமாகும். இடைக்காலத்துக்கு வேறு பொறுப்பு தர முடியுமா என்று நிர்வாகத்திடம் மருத்துவர் கடிதத்தோடு கேளுங்கள். பள்ளிக்கூடத்தில், வகுப்பில் யாருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால் அன்றே தகவல் தரும்படி எழுதிக் கொடுங்கள். அது தெரிந்தால் உடனே மையத்தைக் கூப்பிட வேண்டும்.

இருசக்கர வண்டியை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். டாக்ரோலிமஸால் கை நடுங்கும், வோரிகோனசோலால் பார்வை மங்கலாம். பிளேட்லெட் குறைந்திருக்கும்போது தலையில் அடிபட்டால் உள்ளே ரத்தம் கசியும். பின்னால் உட்கார்ந்து போவதற்கும் இது பொருந்தும்.

கேட்கக் கூச்சப்படும் விஷயம்

தாம்பத்தியம் பற்றி நம் ஓபிகளில் யாரும் கேட்பதில்லை, அவர்களாகச் சொல்வதும் அபூர்வம். பிளேட்லெட்டும் நியூட்ரோஃபிலும் பாதுகாப்பான அளவுக்கு வந்த பிறகு தடை இல்லை. ஆணுறை அவசியம். ஆசையே இல்லாமல் போவதும் பெண்களுக்கு வறட்சியும் வலியும் மாதவிடாய் நின்றுபோவதும் இந்தச் சிகிச்சையின் விளைவுகள். அவற்றுக்கு மருத்துவம் உண்டு. வலி ஜிவிஹெச்டியின் அறிகுறியாகவும் இருக்கலாம், ஆகவே மறைக்காதீர்கள். பேசக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் நீட்டுங்கள். அணைத்துக்கொள்வதற்கும் கை பிடித்து உட்கார்வதற்கும் யார் அனுமதியும் தேவையில்லை. பல தம்பதிகள் பயத்தில் அதையும் விட்டுவிடுகிறார்கள்.

பின்னடைவு வந்தால்

ஜிவிஹெச்டி தலைதூக்கினாலோ சிஎம்வி போன்ற வைரஸ் விழித்தாலோ ஸ்டீராய்டோ வேறு மருந்தோ தொடங்குவார்கள். திரும்பக் கிடைத்த சுதந்திரங்கள் சில மறுபடி போகும். அன்றைக்கு வீட்டில், "அந்த ஹோட்டலுக்குப் போனதால்தான்" என்று யாராவது சொல்வார்கள். ஜிவிஹெச்டி ஹோட்டல் சாப்பாட்டால் வருவதில்லை. சிஎம்வியும் பெரும்பாலும் ஏற்கெனவே உடம்பில் தூங்கிக்கொண்டிருந்ததுதான். நோட்டை எடுத்து, நிபந்தனைகளை மருத்துவரிடம் புதிதாகக் கேட்டு எழுதுங்கள்.

ரத்த வகையும் தடுப்பூசியும்

கொடையாளரின் ரத்த வகை வேறாக இருந்தால் சில மாதங்களில் உங்கள் வகையும் அதுவாக மாறிவிடும். நான் ஓ பாசிட்டிவாக இருந்தவன், இப்போது தங்கையைப் போல் பி பாசிட்டிவ். ஓட்டுநர் உரிமத்திலும் அலுவலக அட்டையிலும் இருக்கும் பழைய வகையை நம்பி யாரும் எதுவும் செய்துவிடக் கூடாது. சட்டைப்பையில் ஓர் அட்டை வைத்துக்கொள்ளுங்கள்: மாற்று நடந்த தேதி, மையத்தின் எண், பழைய வகை, புதிய வகை, ஒவ்வாமை, 'கதிர்வீச்சு கொடுக்கப்பட்ட ரத்தம் மட்டுமே ஏற்ற வேண்டும்' என்ற வரி. சொந்த ஊருக்குப் போகத் தொடங்கும்போது இந்த அட்டை கட்டாயம்.

தடுப்பூசிகள் குழந்தைக்குப் போடுவதுபோல் முதலிலிருந்து வர வேண்டும். நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசி பொதுவாக மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொடங்கும். ஃப்ளூ ஆறாவது மாதத்தை ஒட்டி. முத்தடுப்பு, ஹெபடைடிஸ் பி, ஊசி வழி போலியோ ஆகியவை ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமி ஊசிகள், மாற்று நடந்து இரண்டு வருடம் முடிந்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் நின்று, ஜிவிஹெச்டியும் இல்லாதிருந்தால் மட்டுமே. பக்கத்து கிளினிக்கில் யாராவது ஆர்வத்தில் முன்கூட்டியே போட முன்வந்தால் அட்டையைக் காட்டி மறுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஊசியின் தேதியையும் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அடுத்தது எப்போது என்று ஊசி போட்ட அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.